தாலிக்கொடியை அடகு வைத்துக் கப்பல் ஏறலாமா?

கேள்வி: முரசுமோட்டையில் இருக்கிறோம். இரணைமடுத் தண்ணீரில் மூன்று ஏக்கர் வயல். கணவர் விவசாயம், நான் முன்பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். ஆகஸ்டில் அண்ணா குடும்பம் கனடாவிலிருந்து சிங்கப்பூர் வருகிறது. எங்களையும் கூப்பிட்டு, நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு அறையும் விமானச் சீட்டும் அண்ணாவே போட்டுவிட்டார். கப்பல் பினாங்கிலும் புக்கெட்டிலும் நிற்குமாம். “கரையில் இறங்கிச் சுற்றுகிற செலவையும் டிப்ஸையும் மட்டும் நீங்கள் பாருங்கோ” என்று அண்ணி கணக்கு அனுப்பியிருக்கிறா. புக்கெட்டில் வேகப்படகுச் சுற்றுலா நாலு பேருக்கு 480 அமெரிக்க டொலர், பினாங்கில் பஸ் சுற்றுலா 320, டிப்ஸ் 256. அண்ணி தன் கார்ட்டில் கட்டுவா, நாங்கள் பரந்தனில் இருக்கும் அவவின் அம்மாவிடம் ரூபாவாகக் கொடுத்தால் போதும். புக்கெட் சுற்றுலாவை வெளி ஆட்களிடம் பதிந்தால் 380 டொலர்தான், ஆனால் முழுக் காசும் இப்போதே கட்ட வேண்டும், திருப்பித் தரமாட்டார்கள். எது லாபம்? கப்பல் பாதை மாறினால் காசு என்ன ஆகும்? போனமுறை அண்ணா வந்தபோது வைத்த சங்கிலியும் காப்பும் இன்னும் வங்கியில் இருக்கின்றன. இரண்டரை இலட்சமும் ஒன்றரை இலட்சமும், 15 வீத வட்டி. இரண்டரை வருடமாக வட்டி கட்டிப் புதுப்பித்து வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை தாலிக்கொடியை வைக்கலாம் என்றிருக்கிறேன். படத்துக்குக் கவரிங் கொடி போடலாம்தானே? சிக்கன கடனுதவுச் சங்கத்தில் ஒன்றரை இலட்சம் கிடக்கிறது, அதைத் தொட மனமில்லை. மருமகன் ஒருவர் மாதம் 100 டொலர் கட்டிக் கப்பல் கழகம் ஒன்றில் சேரச் சொல்கிறார், அதையும் சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் கேட்டது 380-க்கும் 480-க்கும் இடையிலுள்ள நூறு டொலரைப் பற்றி. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தில் என் கண்ணில் குத்தியது “வட்டி கட்டிப் புதுப்பித்து வருகிறேன்” என்று போகிற போக்கில் எழுதிய வரி.

நான்கு இலட்சத்துக்கு 15 வீதம் என்றால் வருடத்துக்கு 60,000 ரூபா. இரண்டரை வருடத்தில் ஒன்றரை இலட்சம் கட்டியாயிற்று. காப்பை மீட்கத் தேவையான காசும் அதே ஒன்றரை இலட்சம். அந்தக் காசைக் கட்டி முடித்த பிறகும் காப்பு வங்கிப் பெட்டகத்திலேயே இருக்கிறது.

இப்போது அண்ணியின் கணக்கு. மூன்றையும் கூட்டினால் 1,056 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் மூன்று இலட்சத்துப் பதினேழாயிரம் வருகிறது. அதற்காகக் கொடியை வைத்தால் வருடத்துக்கு இன்னொரு 48,000 வட்டி, பழையதோடு சேர்த்து ஒரு இலட்சத்து எட்டாயிரம். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு அரசு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. அந்த விலைக்கு விற்றால் 900 கிலோ நெல். ஏறத்தாழ அரை ஏக்கர் விளைச்சல். உழுது, விதைத்து, பசளை போட்டு, மெஷின்காரனுக்கும் கொடுத்த பிறகு அது வங்கிக்குப் போகிறது. அசலில் ஒரு சதமும் குறையாது.

அடகு வைப்பதைக் குறை சொல்லமாட்டேன். விதைப்புக்கு வைத்து அறுவடையில் மீட்பது வன்னியில் காலங்காலமாக நடப்பது, அதில் கணக்கு இருக்கிறது. நீங்கள் வைப்பது வெளிநாட்டிலிருந்து சொந்தம் வரும்போதெல்லாம் அவர்களுக்குச் சமமாக நிற்க. அந்தச் செலவுக்கு அறுவடை கிடையாது, அதனால்தான் மீளவும் இல்லை. போதாக்குறைக்குப் பவுண் விலை ஏறிக்கிடக்கிறது. புதுப்பிக்கப் போகும்போது “இதே நகைக்கு இன்னும் கூடத் தரலாம்” என்று கவுண்டரில் சொல்வார்கள். நகைதான் விலை ஏறியது, உங்கள் வருமானம் ஏறவில்லை.

சரி, கப்பலுக்கு வருவோம்.

பயணச்சீட்டு ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு வாசகம் இருக்கும்: காலநிலை, பாதுகாப்பு, இயந்திரக் கோளாறு என்று எந்தக் காரணத்துக்காகவும் கப்பல் ஒரு துறைமுகத்தை விடலாம், வரிசையை மாற்றலாம், நேரத்தைக் குறைக்கலாம். அதற்காகக் கட்டணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். போகாத துறைமுகத்துக்கு வாங்கிய வரி மட்டும் பெரும்பாலும் திரும்பும். காங்கேசன்துறை–நாகபட்டினம் படகுச்சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளிலேயே பருவமழையால் நின்று, பிறகு 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. கடல் பயணம் என்றால் அப்படித்தான்.

நீங்கள் போவது ஆகஸ்ட். இங்கே நமக்குச் சோழகம் வீசுகிற காலம். புக்கெட்டின் மேற்குக் கரையில் அதே தென்மேல் பருவக்காற்று நேரே வந்து மோதும். அங்குள்ள பாத்தோங் குடாவுக்குப் போகிற கப்பல் என்றால் தூரத்தில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் ஆட்களை இறக்கும். அலை கூடினால் படகை இறக்கமாட்டார்கள், அன்று புக்கெட் இல்லை. வேகப்படகுச் சுற்றுலாவோ அதைவிட முதலில் நிற்கும். இந்த மாதத்தில் திருப்பித் தராத 380 டொலரை முன்கூட்டிக் கட்டுவது, அணை நிரம்புமுன் நாற்று விட்டதுபோல.

வெளி ஆட்களிடம் பதிவதில் இன்னொரு ஆபத்து நேரம். கப்பல் தானே நடத்தும் சுற்றுலா பிந்தினால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் தனியார் சுற்றுலா போன எட்டுப் பேர் பிந்தி வந்தார்கள். கப்பல் கண்ணுக்கெதிரே நின்றும் ஏற்றவில்லை. நாடு நாடாகத் துரத்திக்கொண்டு போய்க் கடைசியில் செனகலில்தான் ஏறினார்கள். இதற்குள் கைத்தொலைபேசியும் ஒரு வேலை செய்யும். புக்கெட் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணித்தியாலம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம், ஆனால் கரையில் கால் வைத்ததும் உங்கள் போன் தாய்லாந்து நேரத்துக்குத் தானாக மாறிவிடும். போன் மூன்று மணி காட்டும்போது கப்பலில் நான்கு. கணவரின் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்து அதை மட்டும் பாருங்கள்.

அப்படியென்றால் கப்பலிலேயே 480-க்குப் பதியலாமா? துறைமுகத்தை விட்டால் அந்தக் காசு முழுக்கத் திரும்பும். ஆனால் யாருக்கு? கப்பலில் உங்கள் அறைக் கணக்குக்கு. அந்தக் கணக்கோடு கட்டியிருப்பது அண்ணியின் கார்ட். மீதி அங்கே, ரொறொன்ரோவுக்குப் போகும். நீங்கள் கொடியை வைத்துக் கொடுத்த ரூபா பரந்தனில் அவவின் அம்மாவின் அலமாரியில். ஊர் திரும்பியபின் “அண்ணி, அந்த 480 டொலரைத் தாங்கோ” என்று வாய் திறந்து கேட்பீர்களா? இரண்டரை வருடமாக அண்ணாவிடம் காப்பைப் பற்றிச் சொல்லாத ஆள் நீங்கள். கேட்கமாட்டீர்கள். காசு திரும்பினாலும் கொடி திரும்பாது.

ஆகவே புக்கெட்டுக்கு இப்போது எதையும் பதிய வேண்டாம். அன்று காலை கடல் அமைதியாக இருந்து படகு இறக்கினால், இறங்கிக் கடற்கரையில் நடந்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் படகுச் சவாரியே போதும். கட்டாயம் ஏதாவது போக வேண்டுமென்றால், கப்பலில் ஏறியபின் சுற்றுலா மேசையில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பினாங்கு 320 டொலர்தான் எனக்குச் சிரிப்பு வந்த இடம். அங்கே கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜோர்ஜ் டவுன் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. துறையை விட்டு வெளியே வந்தால் கோர்ன்வாலிஸ் கோட்டை, அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். தோசைக்கடையில் தமிழிலேயே விலை பேசலாம். பஸ்ஸில் ஏற்றி ஆங்கிலத்தில் விளக்கம் சொல்வதற்கு ஆளுக்கு 80 டொலரா? நாலு பேரும் சாப்பிட்டு, கோயிலில் அர்ச்சனையும் செய்து, 40 டொலருக்குள் முடியும்.

டிப்ஸைத் தள்ளுபடி ஆகாத செலவு என்றே வையுங்கள். ஆளுக்கு நாளைக்கு 16 டொலர் என்பது பல கப்பல்களில் வழக்கமான அளவுதான். ஆனால் அண்ணா பதியும்போதே கட்டியிருக்கவும் கூடும், முதலில் அதைக் கேளுங்கள். கட்டவில்லை என்றே வைப்போம்: 256, பினாங்குக்கு 40, புக்கெட் கைச்செலவு 60. ஆக 356 டொலர், ஒரு இலட்சத்து ஏழாயிரம் ரூபா. இதைச் சங்கக் கணக்கிலிருந்து எடுங்கள். நாலு வீதமோ ஐந்து வீதமோ தரும் சேமிப்பைத் தொடாமல் காத்து, 15 வீதத்துக்குக் கொடியை வைக்கிற பழக்கம் எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. எனக்கு அது எப்போதுமே விளங்கியதில்லை.

சிறுபோக நெல் வந்ததும் முதல் வேலை காப்பு. முழுக்க முடியாவிட்டால் அசலில் பகுதி கட்டலாமா என்று வங்கியில் கேட்டு, 50,000 என்றாலும் கட்டுங்கள். காப்பு வீட்டுக்கு வந்தால் வருட வட்டியில் 22,500 குறையும், அதைச் சங்கிலியின் அசலில் போடலாம்.

மருமகனின் கப்பல் கழகம்: ஆளைச் சேர்த்தால் புள்ளி ஏறும் என்றும் சொல்கிறாரா? சொன்னால் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள். இப்படி ஆள் சேர்ப்பில் ஓடும் பிரமிட் திட்டங்களை நடத்துவதும் ஊக்குவிப்பதும் 1988-ஆம் ஆண்டின் 30-ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட குற்றம். ஆள் சேர்க்காத கழகம் என்றாலும், மாதம் 30,000 ரூபாவை எப்போதோ வரப்போகும் பயணத்துக்குக் கட்டுகிற நிலையில் நீங்கள் இல்லை.

இதையெல்லாம்விட அவசரம் வீசா. அண்ணாவுடையது கனடாக் கடவுச்சீட்டு, உங்களுடையது இலங்கையுடையது. பினாங்கு மலேசியாவில் இருக்கிறது, நம் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே வீசா வேண்டும். தாளில் குறை இருந்தால் சிங்கப்பூரிலேயே ஏற்றாமல் விட்டுவிடுவார்கள், காசும் திரும்பாது. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் என்ன தேவை என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கித் தரச் சொல்லி அண்ணாவிடம் கேளுங்கள். பதிவு அவர் பெயரில் இருப்பதால் அவர்தான் கேட்க வேண்டும்.

அப்படிப் பேசும்போதே மற்றதையும் சொல்லிவிடுங்கள். “அண்ணா, எங்களால் ஒரு இலட்சம்தான் முடியும். பினாங்கில் நாங்கள் கோயிலுக்குப் போகிறோம், நீங்களும் வாங்கோ.” இவ்வளவுதான். நமக்கு மாலை ஏழு என்றால் ரொறொன்ரோவில் இப்போது காலை ஒன்பதரை. வெள்ளிக்கிழமைக்கு முன் எடுங்கள், அண்ணி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.