மிஷனரிப் பணியில் எதையுமே உணர முடியாத நாட்களில் கடவுள் கூட இருக்கிறார் என்று எப்படித் தெரிந்தது?

கேள்வி கேட்ட தம்பி அடுத்த வருஷம் வடஇந்தியாவுக்கு ஊழியத்துக்குப் புறப்படுகிறாராம். "கஷ்டத்தில் கர்த்தருடைய பிரசன்னத்தை எப்படி உணர்ந்தீர்கள்? உணரவே முடியாத நாட்களில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன்.

எங்களுக்கு நாசரேத் பக்கம். கல்யாணமான கையோடு நானும் என் கணவரும் ராஜ்மஹால் மலைக்குப் போனோம். அப்போது அது பீகார். 2000-இல் ஜார்க்கண்ட் பிரிந்தபோது சாகிப்கஞ்ச் மாவட்டம் அதோடு போனது. மலைமேல் பஹாரியா மக்கள். அவர்களுடைய மால்தோ, தமிழுக்குத் தூரத்துச் சொந்தமான திராவிட மொழி. சரிவுகளில் மக்காச்சோளமும், பர்பட்டி என்று அவர்கள் சொல்லும் தட்டப்பயறும் விதைப்பார்கள். சந்தை நாளில் விறகைச் சுமந்துகொண்டு கீழே இறங்கி, உப்பும் எண்ணெயும் கருவாடும் வாங்கி ஏறுவார்கள். எங்கள் வேலை குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது, மருந்து கொடுப்பது, கேட்கிறவர்களுக்கு இயேசுவைப் பற்றிச் சொல்வது.

அந்த மலையில் இரண்டு காய்ச்சல்கள் உண்டு. ஒன்று காலா அசார். மணல் ஈ கடித்து வரும். மண்ணீரல் வீங்கும், ஆள் கொஞ்சம் கொஞ்சமாக உருகிப்போவார். இன்னொன்று மலேரியா, அதிலும் மூளைக்கு ஏறும் ஃபால்சிபாரம் வகை. முதலாவது மாதக்கணக்கில் ஆளைத் தின்னும். இரண்டாவது காலையில் நடமாடிக்கொண்டிருந்தவரை ராத்திரிக்குள் நினைவில்லாமல் ஆக்கிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் என் கணவருக்கு அந்த இரண்டாவது காய்ச்சல் வந்தது. பிதற்ற ஆரம்பித்தார், என்னை அடையாளம் தெரியவில்லை. ரோடு மலைக்குக் கீழே இருந்தது. ஊர்க்காரர்கள் கயிற்றுக் கட்டிலில் மூங்கிலைக் கோத்து அவரைப் படுக்க வைத்து, தீப்பந்தம் பிடித்துக்கொண்டு, வழுக்குகிற செம்மண்ணில் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களில் பாதிப்பேர் எங்கள் ஜெபக்கூட்டத்துப் பக்கம் எட்டிப்பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் குயினைன் டிரிப் ஏற்றினார்கள். காது இரைகிறது, காது இரைகிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோதுதான் நினைவு திரும்பிவிட்டது என்று தெரிந்தது.

அதே மழைக்காலத்தில் அடுத்த பணித்தளத்தில் இருந்த ஒரு தம்பி இதே காய்ச்சலில் இறந்துபோனார். வயது முப்பதுகூட ஆகவில்லை. நெல்லைச் சீமையில் இருந்த அவருடைய அம்மா வந்து சேர்வதற்குள் அடக்கம் பண்ண வேண்டியதாயிற்று. பஹாரியாக்கள்தான் குழி வெட்டினார்கள். இரண்டு பேருக்காகவும் ஊரில் ஒரே ஜெபக்குழு, ஒரே உபவாசத்தில் ஜெபித்தது. ஒருவர் எழுந்து நடந்தார், ஒருவர் மண்ணுக்குள் போனார்.

எனக்கு எல்லாம் வறண்டுபோனது அதற்குப் பிறகுதான். கணவர் பிழைத்ததற்காக நன்றி சொல்ல வாயைத் திறந்தால் அந்தத் தம்பியின் அம்மா முகம் முன்னால் வந்து நிற்கும். வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் தெரிந்தது. ஊரிலிருந்து வந்த ஒருவர், அந்தத் தம்பிக்கு விசுவாசத்தில் ஏதோ குறை இருந்திருக்கும் என்றார். இந்தப் பேச்சை உங்களிடமும் யாராவது பேசுவார்கள். தயவுசெய்து காதில் வாங்காதீர்கள். இறந்தவரையும் குத்தி, துக்கத்தில் இருப்பவரையும் குத்துகிற பேச்சு அது. அப்போஸ்தலன் பவுல் தன் சரீரத்தில் குத்திய முள் நீங்க மூன்று தடவை வேண்டியும் அது நீக்கப்படவில்லை என்று வேதத்தில் படித்த பிறகும் எப்படி அதைச் சொல்ல முடிகிறதோ!

அந்த நாட்களில் எங்கள் ஊரில் ஒரு கிழவி சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வருவார். முந்தானையில் கொஞ்சம் பர்பட்டி முடிந்து கொண்டுவருவார். தரையில் கொட்டி, காயை உரித்துப் பயறை ஒரு பக்கமும் தோலை ஒரு பக்கமும் போடுவார். நானும் கூட உட்கார்ந்து உரிப்பேன். அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் எழுந்து போகிற நேரத்தில் என் தலையில் கையை வைத்து, அவருடைய மொழியில் ஆண்டவரிடம் பேசினார். தீதி என்றால் அக்கா, என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "இந்த தீதிக்கு இப்போது உன்னிடம் பேச முடியவில்லை. அதனால் நான் பேசுகிறேன். நீ இவளைப் பார்த்துக்கொள்." அவ்வளவுதான். ஜெபிக்கக் கற்றுக்கொடுக்க நான் போயிருந்த ஊர் அது. எனக்காக ஜெபிக்கத் தெரிந்த ஒருவர் அந்த ஊரில் இருந்தார்.

அன்றைக்கு என் மனதில் சந்தோஷம் பொங்கவில்லை, பாரமும் இறங்கவில்லை. ஆனால் கர்த்தர் எங்கே என்று என் மனதுக்குள்ளேயே தேடித் துழாவிக்கொண்டிருந்ததை அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். அவர் கட்டிலைத் தூக்கின தோள்களில் வந்திருக்கிறார், முந்தானைப் பயறோடு வந்திருக்கிறார். உணர்ச்சி திரும்பி வர ரொம்ப நாள் ஆனது. அதுவரைக்கும் இது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு 2 கொரிந்தியரைப் படிக்கும்போது ஒரு வசனத்தில் அப்படியே நின்றுவிட்டேன். ஏழாம் அதிகாரம், ஆறாம் வசனம்: "சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல்செய்கிற தேவன் தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்." பவுல் தரிசனம் கண்டவர், மூன்றாம் வானம் வரைக்கும் எடுக்கப்பட்ட மனிதனைப் பற்றி எழுதினவர். அப்படிப்பட்டவருக்கு மக்கெதோனியாவில் புறம்பே போராட்டம், உள்ளே பயம். அந்த நேரத்தில் தேவன் அவருக்குத் தரிசனம் அனுப்பவில்லை, உடன் ஊழியரான தீத்துவை அனுப்பினார். நடந்து, களைத்து, அழுக்கான காலோடு வந்து சேர்ந்திருப்பார் தீத்து.

அதோனிராம் ஜட்சனின் வாழ்க்கையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். களத்துக்குப் போகிறவர்களிடம் இதை நான் விடாமல் சொல்வேன். 1813-இல் பர்மாவின் ரங்கூனில் இறங்கிய அமெரிக்க மிஷனரி அவர். முதல் ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டதும் 1824 ஜூனில் ஆவா நகரில் அவரை உளவாளி என்று பிடித்து மரணச் சிறையில் போட்டார்கள். ராத்திரியானால் கைதிகளின் விலங்கிட்ட கால்களுக்கு நடுவே மூங்கிலைக் கொடுத்து மேலே உயர்த்திவிடுவார்கள். தோளும் தலையும்தான் தரையில் படும். மனைவி ஆன் கர்ப்பிணியாக அதிகாரிகளின் வாசலுக்கு நடையாய் நடந்தார். பர்மிய மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

கைதிகளை இன்னொரு ஊர்ச் சிறைக்கு மாற்றியபோது தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், தன் போதகரின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை எடுத்து வைத்தவர் மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி. மொழிபெயர்ப்பு தப்பியது அப்படித்தான். அந்த இரண்டாவது ஊரில் ஆன் காய்ச்சலில் விழுந்தார், பால் வற்றியது. காவலருக்குக் கையூட்டுக் கொடுத்து, ஜட்சன் விலங்கோடு பச்சைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், பால் கொடுக்கிற தாய்மாரிடம் கெஞ்சினார். பர்மியப் பெண்கள் அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தார்கள். சுவிசேஷம் சொல்லப் போனவர் அவர்களுடைய வாசலில் பிச்சைக்காரராக நின்றார்.

விடுதலையான பிறகும் கதை சுபமாக முடியவில்லை. 1826 அக்டோபரில் ஆன் இறந்தார். ஆறு மாதம் கழித்துக் குழந்தையும் போனது. ஜட்சன் காட்டுக்குள் ஒரு குடிசை போட்டு, தனக்கென்று ஒரு குழி வெட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவி இறந்த மூன்றாம் வருஷ நினைவு நாளில், கடவுளை நம்புகிறேன், ஆனால் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற அர்த்தத்தில் எழுதினார். இப்படி எழுதின கைதான் 1834 ஜனவரியில் பர்மிய வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தை முடித்தது. இன்றைக்கும் பர்மியக் கிறிஸ்தவர்கள் அதை வாசிக்கிறார்கள்.

நம்முடைய கன்வென்ஷன் மேடைகளில் சிறையும் வேதாகமமும் வரும், அந்தக் குழி வராது. எனக்கு இது பெரிய வருத்தம். ஜெயம், ஜெயம் என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் களத்தில் வறட்சி வரும்போது தாங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு, வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் உடைகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்வது என்று கேட்டீர்கள். சொந்த வார்த்தை வராதபோது சங்கீதங்களை வாய்விட்டு வாசியுங்கள், குறிப்பாக 13, 42, 88. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. அப்படி முடிகிற ஜெபமும் வேதத்துக்குள் இருக்கிறது என்பது எனக்கு எவ்வளவு பெரிய தைரியமாக இருந்தது என்று சொல்லி முடியாது. அப்புறம், தூங்குங்கள், சாப்பிடுங்கள். சோர்ந்துபோய், சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து இரண்டு தடவை தூங்கவிட்டான். வாரக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை, சாக வேண்டும்போல இருக்கிறது என்றால் டாக்டரிடம் போங்கள். மலேரியாவுக்கு மாத்திரை போடுகிறோம், மனச்சோர்வுக்கு மட்டும் ஏன் தயக்கம்?

எங்களைத் தாங்கின இன்னொரு கூட்டமும் உண்டு. எங்கள் சபையில் சில அம்மாமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, அந்தப் பிடியரிசிக் காசை எங்களுக்கு அனுப்புவார்கள். எங்களுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதுவதும் அவர்கள்தான். அதில் மழை பெய்ததா, யார் வீட்டில் கல்யாணம், பதனீர் இறங்கியாச்சா என்றெல்லாம் இருக்கும். ஒரே ஒரு வரி ஜெபம் இருக்கும். மாதாந்தர அறிக்கையில் எழுத முடியாததை நான் அந்த அம்மாமாருக்கு எழுதினேன். "இன்றைக்கு ஜெபிக்க முடியவில்லை" என்று எழுதலாம், அவர்கள் பதறமாட்டார்கள்.

நீங்கள் ரயில் ஏறும் முன் அப்படி இரண்டு பேரைக் கண்டுபிடித்து வையுங்கள். மேலதிகாரியாகவும் இருக்க வேண்டாம், காணிக்கை அனுப்புகிற பெரியவராகவும் இருக்க வேண்டாம். வறட்சி வந்துவிட்டது என்று போனில் சொன்னால் வசனம் சொல்லித் திருத்தாமல் கேட்கிறவர்களாக இருந்தால் போதும். களத்துக்குப் போனதும், அந்த ஊர்க்காரர்கள் கொடுக்கிறதை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். முந்தானையில் முடிந்த பயறாக இருந்தாலும் சரி.