கலர் பிக்சர் டியூப்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய கலர் டிவி திரையில் இருந்த லட்சக்கணக்கான சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைத் தொழிற்சாலையில் எவ்வாறு பதித்தார்கள்?

பதில்: ஒளியைக் கொண்டே பதித்தார்கள். பிக்சர் டியூபின், அதாவது படத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயின், முகப்புக் கண்ணாடி உட்புறத்தில், ஒளிபட்டால் இறுகும் பசைக்கரைசலில் கலந்த பச்சை பாஸ்பரை (எலெக்ட்ரான் பட்டால் ஒளிரும் பொடியை) பூசி உலர்த்தி, நுண்துளைகள் நிறைந்த ‘ஷேடோ மாஸ்க்’ என்னும் மெல்லிய எஃகுத் தகட்டை அதன் பின்னால் பொருத்துவார்கள். பிற்பாடு பச்சைக்கான எலெக்ட்ரான் கற்றை எந்த இடத்திலிருந்து வளைந்து வரப்போகிறதோ, அதே இடத்தில் புறஊதா விளக்கை வைத்து ஒளி பாய்ச்சினால், துளைகளுக்கு நேரான பூச்சு மட்டும் இறுகிவிடும். மாஸ்க்கைக் கழற்றி நீரால் கழுவினால் எஞ்சியது போய்விடும். விளக்கின் இடத்தைச் சற்றே மாற்றி நீலத்துக்கும் சிவப்புக்கும் இவ்வாறே செய்வார்கள். ஆகவே ஒரு கண்ணாடியும் அதற்குரிய மாஸ்க்கும் கடைசிவரை பிரிக்க முடியாத ஜோடி. வேறொரு மாஸ்க்கை மாட்டினால் வண்ணங்கள் கலங்கிவிடும். எலெக்ட்ரான்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மாஸ்க்கில் மோதி வீணாகியும், இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது என்பது வியக்கத்தக்கது.

பாஸ்பரின் மேல் அலுமினியப் படலம் பூசியபின், முகப்பையும் புனல் வடிவப் பின்பகுதியையும் ஈயம் கலந்த கண்ணாடிப் பற்றுப்பொடியால் 400 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் ஒட்டி, கழுத்தில், கற்றைகளைப் பாய்ச்சும் எலெக்ட்ரான் கன்னைப் பொருத்தி, காற்றை வெளியேற்றி மூடுவார்கள். மிச்சமிருக்கும் வாயுவை உள்ளே ஆவியாக்கப்படும் பேரியம் உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி: பரணில் கிடக்கும் 21 அங்குல டிவியைக் கழற்றி, டியூபைத் தனியே எடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். உள்ளே வெற்றிடம் என்பதால், முகப்பின் மீது மட்டும்கூட வெளிக்காற்று ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசையுடன் அழுத்திக்கொண்டிருக்கிறது. முகப்பைச் சுற்றிய எஃகுப் பட்டை ஓரளவு காக்கும். ஆனால் மெல்லிய கழுத்துக்கு அத்தகைய காப்பு எதுவுமில்லை. அதனால்தான் தொழிலாளர்கள் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, கழுத்தைப் பிடிக்காமல் முகப்பின் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, மெத்தை விரிப்பில் முகப்பு கீழே இருக்கும்படி வைத்தார்கள்.

இயங்கும்போது ஆனோடில், அதாவது எலெக்ட்ரான்களை ஈர்க்கும் நேர்மின் முனையில், சுமார் 25,000 வோல்ட் இருக்கும். உள்ளும் புறமும் கரிப்பூச்சு உள்ள கண்ணாடி மின்தேக்கியாகவே செயல்படுவதால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் தங்கும்; ஒருமுறை வெளியேற்றியபின்னும் சிறிதளவு மீண்டும் தலைகாட்டும். புனல் கண்ணாடியில் ஈயமும் உண்டு. எனவே உடைத்துச் செம்புக்கம்பியை மட்டும் எடுத்துக்கொள்பவரிடம் கொடுக்காமல், அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் டிவியை முழுதாகவே ஒப்படையுங்கள்.