பேக்கர் சோதனை: வெள்ளைக் குடைக்குக் கீழே

கடிதம்:

வணக்கம். 1946இல் பசிபிக் பெருங்கடலின் பிகினிப் பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய 'பேக்கர்' சோதனையில் கடலுக்கடியில் அணுகுண்டு வெடித்த பழைய படச்சுருளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தண்ணீர்த் தூண் எழும்புவதற்கு முன்பே கடல் வெளுத்துவிடுகிறதே, ஏன்? அந்தப் பெரிய வெள்ளைக் குடை புகையா, தண்ணீரா?

– ஒரு கல்லூரி மாணவர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நிறுத்திப் பார்த்தது நல்லது, ஓடவிட்டால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

அன்று ஜூலை 25. ஒரு சின்னக் கப்பலுக்கு அடியில், 27 மீட்டர் ஆழத்தில் குண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெடித்ததும் அதிர்வலை கீழிருந்து வந்து நீர்மட்டத்தில் மோதித் திரும்புகிறது. திரும்பும்போது மேல்தண்ணீரைப் பிய்த்துத் துளித்துளியாக வீசுகிறது. நீங்கள் பார்த்த வெளுப்பு அதுதான்.

குடை புகை இல்லை, குண்டு கிளப்பிய தண்ணீரும் இல்லை. காற்றில் அதிர்வலை கடந்துபோனதும் பின்னால் அழுத்தம் சட்டென்று இறங்கி, காற்று குளிர்ந்து, அதிலிருந்த ஈரம் மேகமாகிறது. சில நொடிதான், கரைந்துவிடும். அது விலகியபின் தெரிகிற தூண்தான் தண்ணீர்: சுமார் 600 மீட்டர் அகலம், ஏறத்தாழ 20 லட்சம் டன். தூணின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பிளவு தெரியும், பாருங்கள். வெடிப்பின் விளைவைப் பார்க்க ஆளில்லாமல் நிறுத்தியிருந்த கப்பல்களில் ஒன்றான அர்கன்சாஸ் என்ற போர்க்கப்பல் நின்ற இடம் அது.

சரி, இதற்குப் பிறகுதான் முக்கியமானது, பலர் அதற்குள் படத்தை நிறுத்திவிடுகிறார்கள். பத்தாவது நொடி வாக்கில் தூண் சரியத் தொடங்கியதும் அதன் காலடியிலிருந்து பனிமூட்டம் போல ஒன்று சுற்றிலும் உருண்டு வந்து கப்பல்களை ஒவ்வொன்றாக மூடுகிறது. மார்கழிப் பனி போல அவ்வளவு சாதுவாக இருக்கும். இதற்கு முந்தைய சோதனையில், ஜூலை 1 அன்று அங்கேயே வானில் வெடித்த குண்டின் கதிரியக்கக் கழிவு பெரும்பாலும் மேகத்தோடு மேலே போய்விட்டது. இந்த முறை அது தண்ணீரிலும் இந்த மூட்டத்திலும் கலந்து காயலிலேயே தங்கிவிட்டது. அதைப் போக்க மாலுமிகளை அந்தக் கப்பல்களில் ஏற்றிச் சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள், பாதுகாப்பு உடைகூட இல்லாமல். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான். துருவிலும் பெயின்ட்டிலும் பற்றிக்கொண்டது தேய்த்தால் போகுமா?

பாதுகாப்புக்குப் பொறுப்பான மருத்துவர் ஸ்டாஃபோர்ட் வாரன் நிறுத்தச் சொல்லி மன்றாடினார், அதிகாரிகள் கேட்கவில்லை. காயலில் பிடித்த ஒரு மீனை அறுத்து, உலர்த்தி, ஒளிப்படத் தகட்டின்மேல் வைத்தார்கள். வெளிச்சமே இல்லாமல் மீனின் உருவம் பதிந்தது, வயிற்றில் அது கடைசியாகத் தின்ற பாசி தனியாகப் பளிச்சென்று. அதைக் காட்டிய பிறகுதான், ஆகஸ்ட் 10 அன்று, தேய்ப்பதை நிறுத்தினார்கள்.