கால்நடை டாக்டர் சீட்டுக்காக நிலத்தை விற்காதீர்கள்

நாமக்கல்லிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கட்-ஆஃப் குறைந்ததால் கால்நடை மருத்துவப் படிப்பான பி.வி.எஸ்சி. கிடைக்கவில்லை. வெளிமாநிலத் தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்க்கலாம், இருக்கிற நிலத்தை விற்றால் போதும் என்கிறாராம் தாய்மாமா. மகளுக்கோ ஊசியைக் கண்டாலே ஆகாது. தெருநாய்களை வீடியோ எடுத்துப் போடுவதில்தான் உயிர்.

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இந்தத் திட்டம் தப்பு. டாக்டர் என்ற பட்டம் கல்யாணப் பத்திரிகைக்கு அழகுதான், சரி. ஐந்தரை வருஷப் படிப்பில் பசுவின் பின்னால் நின்று தோள்வரை கைவிட்டுச் சினை பார்க்கப் போவது அவள், மாமா இல்லை.

பால்வளம், கோழியினம், பாராமெடிக்கல் எல்லாம் நீங்களே விசாரித்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். செல்லப்பிராணி கிளினிக்குகளின் சமூக ஊடகப் பக்கங்களை நடத்தித் தரும் வேலையைப் பற்றி யாராவது சொன்னார்களா? ரீல்ஸ் போடுவதெல்லாம் வேலையா என்று மாமா சிரிப்பார். சிரிக்கட்டும்.

கால்நடை டாக்டர், கடைக்காரரைப் போலத் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ள முடியாது. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் 1992-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அதற்குக் கடிவாளம் போடுகின்றன. ‘ஊரிலேயே நம்பர் ஒன்’, ‘நிச்சயம் குணமாகும்’ என்று சமூக ஊடகப் பக்கத்தில் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான், போஸ்ட் போட்ட பையன் இல்லை. அதனால் எதைப் போடக்கூடாது என்று தெரிந்த ஆள் அவருக்கு வேண்டும்.

பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த ஒரு லேப்ரடார் குட்டியை ரீல் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வளர்ப்பவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அப்புறம் மேஜைமேல் கிடக்கும் கேஸ் ஷீட்டில் அவருடைய போன் நம்பர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்துப் பாட்டிலின் லேபிளும் தெரியக்கூடாது. தெரிந்தால் பார்க்கிறவர் அதையே வாங்கித் தன் நாய்க்குக் கொடுத்துவிடுவார். பின்னணிக்கு இந்த வாரம் ஹிட்டான சினிமாப் பாட்டைப் போடலாமா? இன்ஸ்டாகிராமில் தனிநபர் கணக்குக்குக் கிடைக்கும் பாட்டெல்லாம் வணிகக் கணக்குக்குக் கிடைக்காது. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் இலவசமாகத் தரும் இசைத் தொகுப்பில் தேடிக்கொள்ள வேண்டியதுதான். நாய்த்தீவனக் கம்பெனி காசு கொடுத்திருந்தால் ‘இது விளம்பரம்’ என்று பளிச்சென்று போட வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத்தான் சொல்கிறது. கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டால் தடுப்பூசிக்குச் சலுகை என்பதும் கூகுள் விதிப்படி கூடாது. வீடியோவில் கூண்டுப் பச்சைக்கிளி வந்துவிட்டாலோ போச்சு! அதை வளர்ப்பதே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நாய் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுவது, குட்டிக்குக் குடற்புழு மருந்து எப்போது கொடுப்பது, தீபாவளி வெடிச்சத்தத்தில் நாயை எங்கே வைத்திருப்பது என்று விழிப்புணர்வு வீடியோ எடுக்க எந்தத் தடையும் இல்லை. உங்கள் மகளுக்குக் கைவந்ததும் அதுதானே.

படிப்புக்கு அரசு கலைக் கல்லூரியில் விலங்கியலோ காட்சித் தொடர்பியலோ போதும். வருமானம் ஆரம்பத்தில் குறைவுதான், மறைக்கவில்லை. ஒரு கிளினிக் சோறு போடாது, நாலைந்தாவது சேர வேண்டும். சரிப்பட்டு வராவிட்டால் பட்டத்தை வைத்து வேறு வேலைக்குப் போவாள், கடன் இருக்காது. நிலத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

இந்த விடுமுறையிலேயே நாமக்கல்லிலோ சேலத்திலோ ஒரு கிளினிக்கில் இரண்டு மாதம் செய்து பார்க்கட்டும். சும்மா செய்ய வேண்டாம், பஸ் செலவாவது வாங்கட்டும். டாக்டர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் எந்தப் போஸ்ட்டும் வெளியே போகும் என்பதை முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.