த்ராட்டில் பொசிஷன் சென்சார் பழுதா என்று சோதிப்பது எப்படி?

எரிபொருள் இன்ஜெக்ஷன் உள்ள சிறிய எஞ்சினில், காற்று நுழையும் வழியிலுள்ள த்ராட்டில் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மின்னழுத்தமாக மாற்றிக் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிவிப்பதே இந்தச் சென்சாரின் வேலை. தகவல் தவறினால் எரிபொருளின் அளவும் தவறும் என்பதால், எஞ்சின் திணறும், அல்லது ஐட்லிங் (த்ராட்டிலைத் திறக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடுவது) நிலையாக நிற்காது.

பெரும்பாலான சென்சார்களுக்குள் ஒரு மின்தடைப் பட்டையும் அதன்மேல் உரசி நகரும் ஒரு தொடுமுனையும் இருக்கின்றன. பழைய வானொலியின் ஒலித் திருகும் இதே அமைப்புதான். அடிக்கடி திருகிய இடம் தேய்ந்து கரகரப்பதைப் போலவே, சென்சாரிலும் த்ராட்டில் அதிக நேரம் நிற்கும் குறைந்த திறப்புப் பகுதியே முதலில் தேய்கிறது.

சோதிக்கும்போது எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து, இணைப்பியைக் கழற்றாமல், மல்டிமீட்டரால் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) முதலில் சென்சாருக்கு வரும் மின்னழுத்தத்தைப் பாருங்கள். வழக்கமாக அது 5 வோல்ட். பிறகு சென்சாரிலிருந்து கணினிக்குச் செல்லும் சிக்னல் கம்பியில் அளந்தபடி த்ராட்டிலை மிக மெதுவாகத் திறந்தால், ஏறத்தாழ 0.5 வோல்ட்டில் தொடங்கி 4 வோல்ட்டுக்கு மேல் சீராக ஏற வேண்டும். துல்லியமான அளவு மாடலுக்கு மாடல் மாறும். இடையில் எங்கேனும் அளவு திடீரெனச் சரிந்தாலோ துள்ளினாலோ அந்த இடத்தில் பட்டை தேய்ந்திருக்கக்கூடும். இத்தகைய நொடிநேரத் துள்ளலைக் காண, என் கருத்தில், முள் நகரும் பழைய மீட்டரே மேல்.

கட்டுப்பாட்டுக் கணினியில் சென்சாரின் பெயரில் பிழைக் குறியீடு வந்தாலே சென்சார் கெட்டுவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அறுந்த கம்பியும் துருப்பிடித்த இணைப்பியும்கூட அதே குறியீட்டைத் தரும்.