பெருமூளை வாதம் உள்ள பிள்ளை உதைபந்தாட்டம் ஆடலாமா? அவர்களுக்கென்று சர்வதேசப் போட்டி இருக்கிறதா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது, பெருமூளை வாதம். வலது கையும் காலும் இறுக்கம். நடப்பான், ஓடுவான், அடிக்கடி விழுவான். பந்தென்றால் உயிர். ஆட விடலாமா? இவர்களுக்கென்று வெளிநாடுகளில் போட்டி நடப்பது உண்மையா?

பதில்:

ஆட விடுங்கள். போட்டி நடப்பதும் உண்மை, அதுவும் உலகக் கிண்ணம் வரைக்கும்.

என் தம்பிக்கும் வலப்பக்கம்தான். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் பெடியங்கள் பந்தடிக்கும்போது அவனை எப்போதும் கோலுக்குள் நிறுத்திவிடுவார்கள். அவன் படித்த பாடசாலையில் அதுவும் கிடைக்கவில்லை. விளையாட்டுப் பாட நேரத்தில் மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருப்பான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இப்படியொரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு எப்படி ஆடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இந்த ஆட்டத்தின் விதிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இதை சி.பி. ஃபுட்போல் என்று சொல்வார்கள். சி.பி. என்றால் செரிப்ரல் பால்சி, அதாவது பெருமூளை வாதம். பக்கத்துக்கு 7 பேர். மைதானம் 70 மீற்றர் நீளம், 50 மீற்றர் அகலம். கோலின் அகலம் 5 மீற்றர், உயரம் 2 மீற்றர். 30 நிமிடப்படி இரண்டு பாதி. ஓஃப்சைட் கிடையாது. கோட்டுக்கு வெளியே போன பந்தை ஒரு கையால் தரையில் உருட்டியும் உள்ளே போடலாம். ஒரு கை தலைக்கு மேலே போகாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நடக்கவும் ஓடவும் முடிந்தவர்களுக்கான ஆட்டம் இது. பெருமூளை வாதம் மட்டுமல்ல, பக்கவாதம் வந்தவர்களும் விபத்தில் மூளையில் அடிபட்டவர்களும் ஆடலாம். பாதிப்பின் அளவை வைத்து எஃப்.டி.1, எஃப்.டி.2, எஃப்.டி.3 என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். 1 என்றால் பாதிப்பு அதிகம், 3 என்றால் குறைவு. தசை இறுக்கம், சமநிலை, அசைவு எல்லாவற்றையும் முதலில் பரிசோதிப்பார்கள். பிறகு ஆட்டத்தின்போதும் கவனித்துத்தான் வகுப்பை உறுதி செய்வார்கள்.

நீங்கள் கட்டாயம் அறிய வேண்டியது இனித்தான் வருகிறது. களத்தில் எந்த நேரமும் எஃப்.டி.1 வீரர் ஒருவராவது நிற்க வேண்டும். எஃப்.டி.3 வீரர் ஒருவருக்கு மேல் நிற்கக் கூடாது. அதாவது, பாதிப்பு அதிகமுள்ளவரை வெளியே உட்கார வைத்துவிட்டு ஓட்டக்காரர்களை மட்டும் இறக்கி வெல்ல முடியாது. பயிற்சியாளர் தன் திட்டத்தையே அந்த வீரரை வைத்துத்தான் போட வேண்டும். இரக்கப்பட்டுக் கொடுக்கும் இடமல்ல இது. அவர் இல்லாமல் அணியே நிற்காது. என் தம்பியின் சிறுவயதில் எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது இந்த விதி தெரிந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வரலாறு சுருக்கமாக: 1978இல் எடின்பரோவில் நடந்த விளையாட்டு விழாவில் சர்வதேச ஆட்டம் தொடங்கியது. 1984 முதல் 2016 வரை பராலிம்பிக்கில் இருந்தது. ரியோ 2016 இறுதியாட்டத்தில் உக்ரேன் மேலதிக நேரத்தில் ஈரானை 2-1 என்று வென்றது. அதற்குப் பிறகு டோக்கியோவிலும் இல்லை, பாரிஸிலும் இல்லை. டோக்கியோவுக்கு எடுக்காததற்குச் சொன்ன காரணம், ஆட்டம் உலகில் போதிய நாடுகளுக்குப் பரவவில்லை என்பது. எனக்கு இதில் நிறைய வருத்தம். பரவவில்லை என்று மேடையிலிருந்து இறக்கிவிட்டால் பிறகு எப்படிப் பரவும்? 2015இல் இந்த ஆட்டத்துக்கென்று தனிச் சம்மேளனம் உருவானதால் உலகக் கிண்ணப் போட்டிகள் தொடர்கின்றன. 2022இல் ஸ்பெயினின் சலோவில் பெண்களுக்கான முதல் உலகக் கிண்ணமும் நடந்தது. அமெரிக்கா வென்றது, அந்த வருடம்தான் உருவான அவுஸ்திரேலியப் பெண்கள் அணி இறுதியாட்டம் வரை போனது. மகள் உள்ளவர்கள் யாராவது இதை வாசித்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் பாரா விளையாட்டு என்றதும் எல்லோரும் சொல்வது தினேஷ் பிரியந்த ஹேரத்தை. டோக்கியோவில் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியவர், போரில் காயப்பட்ட இராணுவ வீரர். பெருமைப்பட வேண்டிய வெற்றி. ஆனால் பிறந்ததிலிருந்தே இறுகிய காலோடு வளரும் பிள்ளைக்கு இராணுவப் பயிற்சி மைதானம் கிடைக்காது. அவனுக்குத் தொடக்கம் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

இனி, விழுவதைப் பற்றி. மகனைக் கவனித்துப் பாருங்கள், ஓடும்போது விழுகிறானா, அடிக்கும்போது விழுகிறானா? நல்ல இடது காலால் அடிக்க வேண்டுமென்றால் அந்த நொடி முழுப் பாரமும் இறுகிய வலது காலில் நிற்கும். தம்பி அடிக்கப் போகும்போது வலது முழங்கை தானாக மடங்கி, விரல்கள் உள்ளே சுருண்டு, கை நெஞ்சுவரை ஏறிவிடும். பயப்படுகிறான் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பயமில்லை, உடம்பு முயற்சி எடுக்கும் விதமே அதுதான். எங்கள் பிசியோ அக்கா சொல்லிக் கொடுத்தது: சுவருக்குப் பக்கத்தில் நின்று, இடது பாதத்தைப் பந்தின் மேல் வைத்து முன்னும் பின்னும் மெல்ல உருட்டச் சொல்லுங்கள். வலது கால் நிற்கப் பழகும். பயிற்சி செய்தால் இறுக்கம் கூடிவிடும் என்று முன்பு பயந்தார்கள். அப்படி ஆவதில்லை என்று பிறகு ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால் 11 வயதுக்குப் பிறகு உயரம் வேகமாகக் கூடும், கெண்டைக்கால் தசை அந்த வேகத்துக்கு நீளாது. பிசியோவை விட்டுவிடாதீர்கள். வலிப்பு வருவதுண்டு என்றால் வைத்தியரிடம் கேட்டுவிட்டு, பயிற்சியாளருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சப்பாத்து விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். தம்பியின் வலது பாதம் சிறியது. ஆனால் ஸ்ப்ளின்ட் (பாதத்தையும் கணுக்காலையும் தாங்கும் கவசம்) போட்டால் அந்தப் பக்கம்தான் பெரிய சப்பாத்து வேண்டும். புறக்கோட்டையில் அம்மா இரண்டு அளவில் இரண்டு சோடி வாங்குவார். வலது சப்பாத்தின் நுனிதான் எப்போதும் முதலில் தேயும். கால் இழுபடுவதால் அப்படி.

ஆட ஆள் சேர்ப்பதற்கு, கிளினிக் வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடம் பேசுங்கள். ஐந்தாறு பிள்ளைகள், பின்னேரம் வெயில் தணிந்த பிறகு ஒரு சமதரை, அவ்வளவு போதும். மணலில் தொடங்க வேண்டாம், கால் புதையும். அண்ணன்மார், அக்காமாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த எஃப்.டி.1 விதியை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் ஸ்ப்ளின்ட் போடுகிறானா, எந்தக் காலால் அடிக்க விரும்புகிறான் என்று எழுதுங்கள். அதற்கேற்ற பயிற்சிகளை எங்கள் பிசியோ அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்.