ஒரே கிளாஸ், இரண்டு ஜார்

கேள்வி: எங்கள் ஜாவா அப்ளிகேஷன் ‘ஜெட்டி’ என்ற வெப் சர்வரைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓடுகிறது. கோட் எழுதும் எக்லிப்ஸில் ஒழுங்காக ஓடுவது, சர்வரில் மட்டும் ‘நோசச்மெத்தட்எரர்’ (அப்படி ஒரு மெத்தட் இல்லை) என்று விழுகிறது. இல்லை என்று சொல்லப்படும் மெத்தட், ஹெச்டிடிபிசர்வ்லெட்ரெஸ்பான்ஸில் உள்ள கெட்ஸ்டேட்டஸ். லிப் ஃபோல்டரில் 94 ஜார்கள் (கிளாஸ்களை மொத்தமாகக் கட்டிவைத்த லைப்ரரி ஃபைல்கள்) இருக்கின்றன. ஒரே பெயரில் இரண்டு இல்லை. எங்கே தேடுவது?

பதில்: ஜாரின் பெயரை வைத்துத் தேடினால் சிக்காது. கெட்ஸ்டேட்டஸ், ஜாவாவின் வெப் ஏபிஐயான சர்வ்லெட்டின் 3.0 வெர்ஷனில்தான் வந்தது. அப்படியானால் அதே கிளாஸின் பழைய வடிவத்தோடு, அதற்கு முந்தைய ஜார் ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2.5-இன் ஜாருக்கு ‘சர்வ்லெட்-ஏபிஐ’ என்று பெயர், 3.0-இல் அது ‘ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட்-ஏபிஐ’ ஆனது. ஒரே பெயரில் இரண்டு வெர்ஷன் வந்தால், லைப்ரரிகளை இறக்கித் தரும் பில்ட் டூலான மேவன் ஒன்றைக் கழித்துவிடும். பெயர் மாறிவிட்டால் அதன் கணக்கில் அவை வேறு வேறு லைப்ரரி; இரண்டையும் கொண்டுவந்து போடும். கூகுள்-கலெக்‌ஷன்ஸும் குவாவாவும், காமன்ஸ்-லாகிங்கும் ஜேசிஎல்-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜேயும் இதே வகை ஜோடிகள்தான்.

கிளாஸ்பாத்தில், அதாவது ஜாவா தேடும் ஜார்களின் பட்டியலில், முதலில் எந்த ஜாரில் கிளாஸ் கிடைக்கிறதோ, கிளாஸ்களை ஏற்றும் கிளாஸ்லோடர் அதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். எக்லிப்ஸ் ஜார்களை ஒரு வரிசைப்படி கொடுக்கிறது. சர்வரில் ‘லிப்/*’ என்று கொடுத்திருப்பீர்கள். அந்த நட்சத்திரம் எந்த வரிசையில் விரியும் என்பதற்கு ஜாவாவில் உத்தரவாதம் கிடையாது. மெஷினுக்கு மெஷின் மாறலாம். எக்லிப்ஸில் ஓடியது, சொல்லப்போனால், அதிர்ஷ்டம்.

‘-வெர்போஸ்:கிளாஸ்’ சேர்த்து ஓட்டி, வெளியீட்டை ஃபைலில் பிடித்து, கிளாஸின் பெயரைத் தேடுங்கள். எந்த ஜாரிலிருந்து வந்தது என்று அதே வரியில் இருக்கும். ஆனால் ஜெயித்த ஜார் மட்டும்தான் தெரியும். எல்லாம் தெரிய வேண்டுமானால், கிளாஸின் பாதையை ‘.கிளாஸ்’ என்ற முடிவோடு கிளாஸ்லோடரின் கெட்ரிசோர்சஸுக்குக் கொடுங்கள். கெட்ரிசோர்ஸ் அல்ல, அது ஒன்றோடு நின்றுவிடும்.

ஃபோல்டர் முழுவதையும் சலிக்க, ஒவ்வொரு ஜாரையும் ‘ஜார் டிஎஃப்’ போட்டு, ‘.கிளாஸ்’ வரிகளைத் திரட்டி, ‘சார்ட்’ செய்து, ‘யூனிக் -டி’க்கு அனுப்பினால் போதும். மாட்யூலை விவரிக்கும் மாட்யூல்-இன்ஃபோ கிளாஸை முதலிலேயே கழித்துவிடுங்கள். அது பல ஜார்களில் இருக்கும், ஆபத்தில்லை.

கேள்வி: கண்டுபிடித்த பழைய ஜாரை லிப்பிலிருந்து அழித்துவிட்டேன். போதுமா?

பதில்: அடுத்த பில்டில் திரும்ப வந்து உட்காரும். மேவனின் ‘டிபென்டன்சி:ட்ரீ’யில் அதை இழுத்து வருவது யார் என்று பார்த்து, அந்த டிபென்டன்சிக்குள் ‘எக்ஸ்க்ளூஷன்’ எழுதுங்கள்.

மறுபடி நுழையாமலிருக்க, விதி மீறினால் பில்டை நிறுத்தும் மேவனின் என்ஃபோர்சர் ப்ளக்இன்னோடு ‘எக்ஸ்ட்ரா-என்ஃபோர்சர்-ரூல்ஸ்’ சேர்த்து, ‘பேன்டூப்ளிகேட்கிளாசஸ்’ விதியைப் போடுங்கள். ‘ஃபைண்ட்ஆல்டூப்ளிகேட்ஸ்’ ட்ரூவாக இருக்கட்டும். இல்லையென்றால் முதல் மோதலிலேயே பில்ட் நின்று, ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியிருக்கும். ‘டிபென்டன்சிகன்வர்ஜென்ஸ்’ விதி உங்களுக்கு உதவாது. அது வெர்ஷன்களை ஒப்பிடுமே தவிர, ஜாருக்குள் எட்டிப் பார்க்காது.

கேள்வி: டாம்கேட் என்ற வெப் சர்வரில் போடும் வார் ஃபைலுக்கும் (வெப் அப்ளிகேஷனைக் கட்டிய ஃபைல்) இதே வைத்தியமா?

பதில்: மேவனில் சர்வ்லெட் ஜாரை ‘ப்ரொவைடட்’ ஸ்கோப்பில் வையுங்கள்; அப்போது அது வாருக்குள் போகாது. டாம்கேட்டிடம் சொந்தமாகவே ஒன்று இருக்கிறது.